மற்றக் கை

குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவிலிருந்து சனம் ஏற்றிவரும் லோஞ்ச் வந்து கட்டியபோது அன்னபூரணம் கடைசி ஆளாகத்தான் இறங்கினாள். நெஞ்சோடு ஒரு சாக்குப் பொட்டலத்தை அணைத்திருந்தாள். துறையில் காத்து நின்ற சரோஜினிதேவிக்கு அந்தப் பொட்டலத்தின் பாரத்தையும் வளைவையும் கண்டவுடனேயே உள்ளே இருப்பது என்னவென்று விளங்கிவிட்டது. தன் கையால் சுற்றிய சாமானைச் சாக்குக்குள் வைத்தாலும் அடையாளம் தெரியாதா என்ன? நெடுந்தீவு மாவலித்துறையில் ஏற்றவிருந்த வெளிச்சத்துக்கென்று அவள் சுற்றிக்கொடுத்த ஜெனரேற்றர் கொயில், செப்புக் கம்பிச் சுருள் அது. பூட்டிய முதல் நாளே வேலை செய்யாமல் போன கொயில். அந்த வெளிச்சம் எரியாத இரவிலேதான் அன்னபூரணத்தின் தமையன் பரராசசிங்கம் முருகைக்கல் பாறையில் வள்ளம் மோதிக் கடலோடு போனான்.

“அண்ணாவின்ரை முப்பத்தொராம் நாள் முடிஞ்சுது அக்கா,” என்றாள் அன்னபூரணம். “எங்கடை சங்கத்து அப்புத்துரை அண்ணை குடுத்துவிட்டவர். உங்கடை சங்கத்துச் சாமான் உங்கடை சங்கத்துக்கே போகோணுமாம். சண்டை திரும்பத் தொடங்கிட்டுதெண்டு சனம் கதைக்குது. பின்னேரம் திரும்புற லோஞ்ச்தான் கடைசியாம். பேந்து எப்ப ஓடுமோ, ஆருக்குத் தெரியும்.”

சரோ வாங்குவதற்குக் கையை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, மடக்கிக்கொண்டாள். “நீரே வைச்சிரும் பூரணம். சங்கத்துக்குப் போவம்,” என்று சொல்லிச் சைக்கிளைத் திருப்பினாள். பின்னால் பொட்டலத்தோடு அன்னபூரணம் ஏறிக்கொள்ள, மடத்துவெளிப் பக்கம் எதிர்காற்றில் மிதிக்கத் தொடங்கினாள்.

ஒரு மாதமாகச் சரோ தன் வலது கையோடு கோபம். அந்தக் கையால் ஒரு கம்பி சுற்றவில்லை. சோறு குழைக்கும்போதுகூட அதைப் பார்த்து, “எங்கை பிழைவிட்டனி, சொல்லு!” என்று மனதுக்குள் கேட்பாள். கை என்ன வாயா வைத்திருக்கிறது, சொல்ல? இப்போது அந்தப் பதில் பின் சீற்றில் சாக்குக்குள் வந்துகொண்டிருந்தது. கொயிலின்மேல் சுற்றிய சீலையைப் பிரித்தால் தெரிந்துவிடும். உள்ளே கருகிக் கிடந்தால் அவளுடைய கைதான் அந்த மனுசனைக் கொன்றது. வேறு கதையே இல்லை.

இந்தச் சங்கம் எப்படி வந்ததென்று சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் விளங்காது. எண்பத்துமூன்று ஆடியில் கொழும்பில் சனத்தை எரித்துத் துரத்தினார்களே, அப்போது கப்பலில் ஊர் வந்து இறங்கியவர்களில் சரோவின் குடும்பமும் ஒன்று. கொட்டாஞ்சேனையில் அப்பா நடத்திய மோட்டர் வைண்டிங் கடை சாம்பலாகிப் போனது. அப்பா ஊருக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், மறு வருடம் அப்படியே போய்விட்டார். அவரிடம் பழகிய தொழில் மட்டும் மகளின் கையில் மிஞ்சிக் கிடந்தது. மடத்துவெளியில் அப்படி மிஞ்சிய கைகள் இன்னும் சில இருந்தன. ரேடியோ திருத்துகிற தம்பிராசா ஒருநாள் எல்லாரையும் கூப்பிட்டு, “ஆளுக்கொரு கடை போட வக்கில்லை. எல்லாரும் சேந்து ஒண்டைப் போடுவம்,” என்றார். அப்படி வந்ததுதான் தொழில்நுட்பத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். பெயர்ப்பலகையை விடக் கொட்டில் சின்னது. ஊர்ச்சனம் வந்து, “உங்கை முதலாளி ஆர்?” என்று கேட்கும். “முதலாளியளைக் கொழும்பிலை எரிச்சுப்போட்டாங்கள். மிஞ்சினது நாங்கள்தான்,” என்பார் தம்பிராசா. சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் சனம் ரேடியோவை வைத்துவிட்டுப் போகும்.

சரோவின் தாய் சின்னாச்சிக்கு இந்தத் தொழில் கண்ணில் காட்டக்கூடாது. “ஊரிலை பெட்டையள் கலியாணம் சரிவரோணுமெண்டு கோயில் சுத்துதுகள். என்ரை சீமாட்டி கொயில் சுத்திறா,” என்று கிணற்றடியில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லுவாள். முப்பது கடந்த மகள் கன்னத்தில் கை வைத்து யோசித்துக்கொண்டிருந்தால், “என்னடி, கப்பல் கவிண்ட மாதிரி இருக்கிறாய்?” என்பாள். அந்தச் சொல்லை அந்த வீட்டில் இப்போது ஒருவரும் சொல்வதில்லை.

நெடுந்தீவிலும் அப்படியொரு சங்கம் இருந்தது. அவர்கள் எஞ்சின்காரர். லோஞ்ச் எஞ்சின், தண்ணீர்ப் பம்பு, வள்ளத்து மெசின் என்று எதையும் கழற்றிப் பூட்டுவார்கள். கம்பி சுற்றுகிற வேலை மட்டும் அவர்களுக்குச் சரிவராது. இங்கே சுற்றத் தெரியும், எஞ்சின் தெரியாது. ஆகவே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். அங்கே வந்த மோட்டர் லோஞ்சில் இங்கே வரும், இங்கே வந்த எஞ்சின் அங்கே போகும், வருமானம் பாதிக்குப் பாதி. தொடக்கத்தில் எல்லாம் தேன்தான். பிறகு ஒரு பம்பு புகைந்துபோக, சுற்றினவர்களில் பிழை என்று அவர்களும் பூட்டினவர்களில் பிழை என்று இவர்களும் குறிகட்டுவான் துறையில் வைத்து வேட்டியை மடித்துக் கட்டாத குறையாகச் சண்டை பிடித்தார்கள். அன்றைக்கு நடுவில் வந்து நின்றவன்தான் பரராசசிங்கம். நெடுந்தீவுச் சங்கத்தில் கம்பியும் கொஞ்சம் அறிந்தவன் அவன் ஒருவன்தான்.

“இனிமேல் ஒண்டு செய்வம்,” என்றான். “அனுப்பிற ஆள் கம்பி நுனி ரெண்டும் சேருற கடைசி மூட்டு ஒண்டை ஈயம் வைச்சு மூடாமல் அனுப்பட்டும். வாங்கிற ஆள் திறந்து, முழுக்கப் பாத்து, தன்ரை கையாலை ஈயம் வைச்சு மூடட்டும். மூடினாப் பேந்து பிழை ரெண்டு சங்கத்துக்கும் பொது. ஆரும் ஆரையும் குறை சொல்லேலாது.”

அதற்கு மற்றக் கை வைக்கிறது என்று பெயர் வந்தது. ஒரு கை சுற்றும். மற்றக் கை மூடிச் சீலை சுற்றும். ஒருதரம் மூடியதைப் பிறகு ஒருவரும் திறக்கக்கூடாது. திறந்தால் இரண்டு சங்கத்தையும் நம்பவில்லை என்று கருத்து. எழுதி ஒட்டாத சட்டம்தான். ஆனால் கோயில் தேர்வடம் பிடிக்கிற ஒழுங்குகூட ஊரில் பிசகியிருக்கிறது, இது ஒருநாளும் பிசகியதில்லை.

சரோ அனுப்பிய கொயிலெல்லாம் பரராசசிங்கத்தின் கைக்குத்தான் போகும். அவன் பிரிப்பான், பார்ப்பான், மூடுவான். வருடக்கணக்காக ஒருவருடைய வேலையை ஒருவர் உள்ளே திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் வேறென்ன நடக்கும்? துறையில் காணும்போது, “உம்முடைய சுத்திலை ஒரு பிழை பிடிப்பமெண்டு பாக்கிறன், ஏலாமல் கிடக்கு,” என்பான். அவள், “நல்லாப் பாருங்கோ, கிடைக்கும்,” என்பாள். இவ்வளவுதான் அவர்கள் கதைத்த காதல். லோஞ்ச்காரர் முதற்கொண்டு எல்லாருக்கும் தெரியும்; சின்னாச்சிக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்தாள்.

இந்தியன் ஆமி போய், அடுத்த சண்டை தொடங்காமல் கிடந்த அந்தக் கொஞ்ச மாதங்களில், கடலில் இரவிலும் போய்வரலாம் என்று சனத்துக்கு ஒரு துணிவு வந்தது. அப்போதுதான் இரண்டு சங்கமும் சேர்ந்து பெரிய வேலை ஒன்றை எடுத்தன. மாவலித்துறையில் ஒரு கம்பம் நட்டு, மேலே பெரிய லைற் ஒன்று. முருகைக்கல்லுக்கு நடுவே வள்ளம் நுழைகிற வாய் இருட்டில் தெரியவேண்டும். எஞ்சினும் கம்பமும் நெடுந்தீவு, ஜெனரேற்றர் சுற்றுவது மடத்துவெளி. சரோ தன் வாழ்நாளில் இவ்வளவு ஆசையாக ஒன்றைச் சுற்றியதில்லை.

பரராசசிங்கம் தானே வந்து எடுப்பதாகத்தான் பேச்சு. ஆனால் சோளகக் காற்று முந்தித் தொடங்கிவிட்டது. வெளிச்சம் ஒரு நாள் முந்தி எரிந்தாலும் நல்லதுதானே என்று நினைத்து, சரோ கொயிலைக் காலை லோஞ்சிலேயே ஏற்றிவிட்டாள். சட்டப்படி கடைசி மூட்டுக்கு ஈயம் வைக்கவில்லை. இரண்டு நுனியையும் சுரண்டாமல், தொடாமல், பக்கம் பக்கமாக வளைத்து விட்டிருந்தாள். ஆனால் காற்றுக் கடலில் ஆளில்லாமல் போகிற சாமான்; உப்புத்தண்ணீர் தெறித்தால் என்ன கதி? அதனால் மேலே சீலையை இறுக்கிச் சுற்றி வார்னிசும் பூசினாள். குழந்தைக்குக் குளிருக்குப் போர்க்கிற மாதிரித்தான் செய்தாள். “பரராசசிங்கத்தாரின்ரை கையிலை குடுங்கோ,” என்று லோஞ்ச்காரரிடம் சொல்லியும் விட்டாள்.

மத்தியானம் நனைந்த கோழிபோல் படலையைத் திறந்துகொண்டு சிங்கத்தாரே வந்து நின்றார். தோளில் பை, கையில் ஒரு போத்தல் நெடுந்தீவு நெய். விடியவே சங்கத்து வள்ளத்தில் வெளிக்கிட்டு, நயினாதீவில் ஒரு ரேடியோவைப் பார்த்துவிட்டு வருகிறானாம்.

“ஐயோ, நான் லோஞ்சிலை அனுப்பிப்போட்டன்! நீங்கள் ஏன் மினக்கெட்டு வந்தனீங்கள்?” என்றாள் சரோ.

அவன் அவளைப் பார்க்காமல் குசினி வாசலில் நின்ற சின்னாச்சியைப் பார்த்தான். “கொயிலுக்கு வரேல்லை அம்மா. கொயில் சுத்திறவவைக் கேட்டு வந்தனான்.”

சின்னாச்சி உள்ளே போய்ச் சட்டி பானையைப் போட்டு அடித்தாள். “தண்ணி தாண்டியே பெட்டையைக் குடுக்கிறது?” என்று அடுப்போடு கதைத்தாள். கடைசியில் உள்ளிருந்து குரல் வந்தது: “இருந்து சாப்பிட்டிட்டுப் போகச் சொல்லு.” அவளைத் தெரிந்தவர்களுக்கு அது சம்மதம். அவள் மா வறுத்து, தேங்காய் துருவி, புட்டவித்து, மருமகனாகப் போகிறவனுக்குக் கறி காணாதென்று இன்னொன்றும் வைத்து முடிக்க வெயில் சாய்ந்துவிட்டது. நெய் மணக்க மணக்க அவன் சாப்பிட்டான். சரோ படலைக்கும் குசினிக்குமாக நடந்தாள்.

“நேரம் போட்டுது. காத்தும் கூடுது. விடியப் போகலாமே?”

“இஞ்சை தங்கினால் ஊர் என்ன சொல்லும்? அதோடை வெளிச்சம் இருக்கேக்கை என்ன பயம்? அவை இப்ப மற்றக் கை வைச்சுப் பூட்டியிருப்பினம். உம்முடைய வெளிச்சத்திலை போய் இறங்கிறன், பாரும்.”

அதுதான் அவன் அவளோடு கதைத்த கடைசிக் கதை. வள்ளத்தின் பலகைகள் சில கரை சேர்ந்தன. அவன் சேரவில்லை. சண்டைக் காலமெல்லாம் தப்பி, சமாதானக் காலத்தில் செத்தவன் என்று ஊரில் பேர். “எஞ்சின் ஓடினது, லைற் எரியேல்லை,” என்று நெடுந்தீவிலிருந்து வந்த செய்தி அவ்வளவுதான். பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதையாக, தன் கைதான் பிழைவிட்டது என்ற எண்ணம் அவள்மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தது.

சங்கக் கொட்டிலில் தம்பிராசா மட்டும் இருந்தார். கரண்ட் நின்று நாளாகிவிட்டதால் வேலையும் இல்லை. அன்னபூரணம் பொட்டலத்தை மேசையில் வைத்து அவிழ்த்தாள். சரோ சின்னக் கத்தியை எடுத்துச் சீலையில் வைத்தாள், வெட்டவில்லை.

“நான் வெட்டட்டோ பிள்ளை?” என்றார் தம்பிராசா.

“வேண்டாம். என்ரை கையாலையே வரட்டும்.”

வார்னிஸ் காய்ந்து இறுகிப்போயிருந்தது. மேல் சீலையை வெட்டினாள். உள் சீலையை வெட்டினாள். கருகல் மணம் இல்லை. கம்பி செம்பு நிறத்தில் புதுசாக, ஒரு சுற்றுக்கூடக் குலையாமல் கிடந்தது. கடைசி மூட்டில் அவள் வளைத்து விட்ட இரண்டு நுனியும், அவள் விட்டபடியே, ஒன்றையொன்று தொடாமல் பக்கம் பக்கமாகக் கிடந்தன. கரண்ட் ஓட வழியே இல்லை.

“இது மூடேல்லை,” என்றாள் சரோ. தன் குரல் போலவே இல்லை. “பூரணம், இதை ஒருத்தரும் மூடேல்லை.”

அன்னபூரணத்துக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு முகம் வெளிறியது. “அண்ணா இஞ்சை வந்து மூடித்தானே அனுப்பினவர்?”

“அவர் வரேக்கை லோஞ்ச் போட்டுது.”

“கடவுளே…” அன்னபூரணம் வாங்குப்பலகையில் குந்திவிட்டாள். “விடிய அண்ணா இஞ்சைதானே வெளிக்கிட்டவர். பேந்து லோஞ்சிலை சாமான் வருது, மூடின சாமான் மாதிரி வடிவாச் சீலை சுத்தி, வார்னிசும் பூசி. ஆற்றை கையிலை குடுக்கோணுமெண்டு லோஞ்ச்காரர் ஒண்டும் சொல்லேல்லை. அண்ணா போய் மற்றக் கை வைச்சு அனுப்பிப்போட்டு, மாமியின்ரை சாப்பாட்டுக்கு நிக்கிறார் எண்டு எல்லாரும் பகிடி பண்ணினவை அக்கா. இருட்டினாப் பிறகு எஞ்சின் ஓடுது, லைற் எரியேல்லை. அப்புத்துரை அண்ணை எல்லாத்தையும் கழட்டிப் பாத்தவர். கரண்ட் பாக்கிற மீற்றரும் அண்ணாவின்ரை பையோடை போட்டுது. நான் கேட்டனான், ‘உந்தச் சீலைக்குள்ளை பாக்கேல்லையோ?’ எண்டு. ‘உது ரெண்டு சங்கமும் மூடினது பிள்ளை, திறக்கக்கூடாது’ எண்டு சொன்னவர். ஓலை கொழுத்திக் காட்டினம். காத்து நூத்து நூத்துப் போட்டுது, நெருப்பு நிக்கேல்லை.”

தம்பிராசா கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கை பிழைவிடவில்லை. ஒரு மாதமாக அவள் கும்பிட்டுக் கேட்டது இதைத்தான்; கிடைத்துவிட்டது. ஆனால் இது என்ன கிடைப்பு! கருகிக் கிடந்திருந்தால் இந்தக் கையை வெறுத்துக்கொண்டாவது மிச்ச நாளைக் கழித்திருப்பாள். இப்போது ஆரை வெறுப்பது? சீலைக்கு வெளியே நின்ற அப்புத்துரையையா? புட்டவித்த தாயையா? உப்புத்தண்ணீர் படக்கூடாதென்று இறுக்கிச் சுற்றிய தன் ஆசையையா? அவனும் ‘அவை மூடியிருப்பினம்’ என்று நம்பிக்கொண்டு வள்ளம் ஏறினான். அவையும் ‘அவன் மூடியிருப்பான்’ என்று நம்பிக்கொண்டு எஞ்சினை ஓட்டினார்கள். ஒரு பொட்டு ஈயம். ஒரே ஒரு பொட்டு ஈயம் இல்லாமல் போனான் என்ரை ராசா. சரோ மேசையில் தலையை வைத்து, இத்தனை நாளும் அழாத அழுகையை அழுதாள். அன்னபூரணம் எழும்பி வந்து அவள் முதுகில் கை வைத்தாள். பிறகு அவளும் அழுதாள்.

லோஞ்ச் நேரம் நெருங்கியது. தம்பிராசா சிரட்டைக்கரி மூட்டி, ஈயம் உருக்குகிற பழைய செப்பு முனை இரும்பை அதற்குள் வைத்தார். “மூடிக் குடு பிள்ளை. அங்கை கொண்டுபோகட்டும்.”

“நான் மூடக்கூடாது.”

“இனி என்னடி சட்டம்? சங்கமே இருக்குமோ தெரியாது.”

“அவர் வைச்ச சட்டம்!” என்று சரோ கத்தினாள். “அவர் வைச்சது எண்டு என்னட்டை வேறை என்ன கிடக்கு?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு நுனியையும் கத்தியால் பளிச்சென்று வரும்வரை சுரண்டினாள். முறுக்கிச் சேர்த்தாள். ஈயம் பிடிக்கக் குங்கிலியம் தடவினாள். பிறகு இரும்பைத் துணியால் பிடித்து அன்னபூரணத்திடம் நீட்டினாள்.

“எனக்கு ஏலாது அக்கா. எனக்கு உதொண்டும் தெரியாது.”

“தெரியத் தேவையில்லை. நெடுந்தீவுக் கை, அது காணும்.”

அன்னபூரணத்தின் விரல்கள் தமையனின் விரல்களைப் போலவே நீளம். முதல்தரம் ஈயம் பிடிக்காமல் உருண்டு விழுந்தது. “ஆறுதலா,” என்றாள் சரோ, “சூடு ஏறும்வரைக்கும் பிடிச்சுக்கொண்டிரும்.” குங்கிலியப் புகை எழும்பிக் கொட்டிலை நிறைத்தது. இரண்டாந்தரம் ஈயம் இளகி, இரண்டு கம்பிக்கும் நடுவே ஓடி, மினுங்கிக்கொண்டு இறுகியது. சரோ சீலை சுற்றினாள். இந்தமுறை இறுக்கிச் சுற்றலாம்.

துறையில் லோஞ்ச் கயிறு அவிழ்க்கும்போது அன்னபூரணம், “டீசல் கொஞ்சம் கிடக்கு அக்கா,” என்றாள். லோஞ்ச் போய்விட்டது. அதற்குப் பிறகு அது எத்தனையோ காலம் வரவில்லை.

பொழுதுபட்டபோது சின்னாச்சி மகளைத் தேடிக்கொண்டு கரைக்கு வந்தாள். சரோ தாழம் பற்றைக்கு அருகே நின்றுகொண்டிருந்தாள். கிழவி பக்கத்தில் வந்து நின்றாள். மேற்கே கடலும் வானமும் ஒன்றாகிக்கொண்டிருந்தன. காற்று சீலைத் தலைப்பைப் பறித்தது. வலை இழுத்து வைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் திடீரென்று, “அங்கை பாருங்கோ, நெடுந்தீவிலை!” என்று கத்தினான்.

கடலின் விளிம்பில் ஒரு பொட்டு வெளிச்சம். நடுங்கியது, பிறகு நின்று எரிந்தது. நட்சத்திரமோ என்றான் ஒருவன். இல்லை, லைற் என்றான் மற்றவன். “சண்டை நேரத்திலை ஆர் விசரர் லைற் கொழுத்திறது?” என்றான் முதல் ஆள்.

“எரியுது பிள்ளை,” என்றாள் சின்னாச்சி மெல்ல. “உன்ரை லைற்தான். வடிவா எரியுது.”

சரோ தலையாட்டினாள். அவளுடைய கண் அந்த வெளிச்சத்துக்கு இந்தப் பக்கம் கிடந்த கறுத்தத் தண்ணீரில் இருந்தது. வெளிச்சம் எரியத் தொடங்கிவிட்டால் வள்ளம் வந்துவிடும்தானே என்று பார்க்கிறவளைப்போல, டீசல் முடிந்து அது அணைகிறவரை அவள் அந்த இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.